ஆசிரியர் படிப்பு: பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கட்டட வேலை பார்க்கிற இன்ஜினியருக்கு ஆசிரியர் படிப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நம்மில் பி.இ. முடித்துவிட்டு டியூஷன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பலருடைய மனைவியோ தங்கையோ தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். "வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஒரு பி.எட். முடிச்சா என்ன?" என்ற கேள்வி இன்று வீட்டுக்கு வீடு வருகிறது. முட்டத்தில் எங்கள் வீட்டிலும் வந்தது.

என் தங்கச்சி பி.எஸ்சி. கணிதம். கணவர் விசைப்படகில் போனால் பத்துப் பதினைந்து நாள் கடலில் தங்கித் தொழில் செய்கிறவர். இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரு நாள் போனில் வந்த விளம்பரத்தைக் காட்டினாள். வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வும் வீட்டிலிருந்தே, ஒரே வருடத்தில் பி.எட். சான்றிதழ். "அண்ணே, செயினை வச்சுப் பணம் கட்டிரட்டா? நாளைக்குத்தான் கடைசி நாளாம்" என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கான்கிரீட் போடும் முன்பே கம்பி கட்டியதைச் சரிபார்த்துவிட வேண்டும். போட்ட பிறகு உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. "ஒரு வாரம் பொறு" என்று சொல்லிவிட்டு விசாரித்தேன். அப்போது தெரிந்துகொண்டதை மூன்று கேள்விகளாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: அங்கீகாரம் யாருடையது? பல பட்டங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி போதும். பி.எட்.டுக்கு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின், அதாவது என்.சி.டி.இ.யின் அங்கீகாரமும் வேண்டும். அதன் 2014-ஆம் ஆண்டு விதிகள் பி.எட்.டை இரண்டாண்டுப் படிப்பாக்கின. நேரடி வகுப்பு உண்டு, தொலைநிலைக் கல்வி உண்டு. முழுக்க ஆன்லைனில் பி.எட். என்பது அந்த விதிகளில் இல்லை. விளம்பரம் கொடுத்தவர்களிடம் என்.சி.டி.இ. ஆணையைக் கேட்டோம். அதன் பிறகு அவர்கள் போனே எடுக்கவில்லை.

இரண்டாவது கேள்வி: சேர எனக்குத் தகுதி உண்டா? 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொலைநிலையில் பி.எட். நடத்தி வந்திருக்கின்றன. ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும். தங்கச்சிக்கு அந்தப் பயிற்சி இல்லை, அதனால் அந்த வழியும் அடைபட்டது. நம் பி.இ. நண்பர்களுக்கும் இதே நிலைதான். கணிதம், அறிவியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பொறியியல் பட்டத்தில் 55 விழுக்காடு இருந்தால் நேரடி பி.எட்.டில் சேர விதி இடம் தருகிறது. எம்.ஏ. கல்வியியலைத் தொலைநிலையில் படிக்கலாம், நல்ல படிப்புதான். ஆனால் அது பி.எட்.டுக்கு மாற்று ஆகாது.

மூன்றாவது கேள்வி: இந்தச் சான்றிதழோடு எந்த வகுப்புக்குப் பாடம் நடத்தலாம்? பி.எட். படித்தவர்கள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியராகத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-இல் தீர்ப்பளித்தது. எட்டாம் வகுப்பு வரை நடத்த டெட் தேர்விலும் தேற வேண்டும்.

அரசே நடத்திய படிப்பிலும் சிக்கல் வந்ததுண்டு. பணியிலிருந்த பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்காக தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 2017 முதல் 2019 வரை பட்டயப் படிப்பு நடத்தியது. லட்சக்கணக்கானோர் படித்தார்கள். அந்த 18 மாதப் படிப்பு, இரண்டாண்டுப் பட்டயத்துக்குச் சமமாகாது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் பணியிலிருந்தவர்களுக்கு அது செல்லும் என்ற விளக்கம் 2024 டிசம்பரில்தான் கிடைத்தது. ஓராண்டுக்கு மேல் அவர்கள் பட்ட தவிப்பை நினைத்துப் பாருங்கள். விதிகள் மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பை நீங்களே படித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

தங்கச்சி வேலையை விட்டுவிட்டு நேரடிக் கல்லூரியில் சேர்ந்தாள். பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொண்டார். இரண்டு வருடம் வீட்டில் கஷ்டம்தான், மறைக்கவில்லை. பயிற்சிக்காக 16 வாரம் ஒரு பள்ளிக்குப் போனாள். எட்டாம் வகுப்பில் ஒரு பையனுக்குக் குறை எண்கள் புரியவே இல்லை. கடல் மட்டத்தைப் பூச்சியம் என்று வைத்து, நங்கூரம் எத்தனை பாகம் கீழே போகிறது என்று கேட்டாளாம். பையன் பட்டென்று பதில் சொல்லிவிட்டான். "அண்ணே, நான் அஞ்சு வருசம் பாடம் நடத்துனேன். இப்பத்தான் டீச்சரானேன்" என்றாள்.

அரசு வேலை அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. டெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவள் கையில் இருக்கும் சான்றிதழை யாரும் செல்லாது என்று சொல்ல முடியாது. செயினும் கழுத்தில்தான் இருக்கிறது.

தம்பி தங்கைகளே, வீட்டிலிருந்து படிப்பதில் தவறே இல்லை. "நாளைக்குத்தான் கடைசி நாள்" என்று யாராவது அவசரப்படுத்தினால் மட்டும் ஒரு வாரம் பொறுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் நம் சங்கத்தில் கேளுங்கள். அதற்குத்தானே சங்கம்!