சிறு பண்ணைக்குப் புதிய கால்நடை: கடனுக்கு முன் வேண்டிய கணக்கு

(ஊரக வளர்ச்சி அலுவலர்களும் பொருளியல் மாணவர்களும் பங்கேற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் நாட்டு நில உடைமைகளில் நூற்றுக்கு 86, இரண்டு எக்டேருக்குக் குறைவானவை என்று 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. சராசரி உடைமை 1.08 எக்டேர், அதாவது, இரண்டே முக்கால் ஏக்கருக்கும் குறைவு. 2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 53.58 கோடி கால்நடைகள் உள்ளன. நிலம் சிலரிடம் குவிந்துள்ள அளவுக்குக் கால்நடைகள் குவிந்திருக்கவில்லை. நிலத்தை விரிவாக்க இயலாத குடும்பத்துக்குக் கால்நடையைச் சேர்ப்பதே வருவாய்க்கு வழி என்று திட்டம் தீட்டுவோர் கருதுவது இதனால்தான்.

இக்கருத்து சரியானதே. எனினும், ‘மாடு வாங்கப் பணம் உண்டா?’ என்ற கேள்வியை நாம் கேட்கும் அளவுக்கு, ‘வந்த மாட்டை இப்பண்ணை தாங்குமா?’ என்ற கேள்வியைக் கேட்பதில்லை. முதற் கேள்விக்கு வங்கி விடை அளித்துவிடும். இரண்டாவது கேள்விக்கு விடை காணாமல் அளிக்கப்படும் கடன், குடும்பத்தை முன்னிருந்த நிலைக்கும் கீழே தள்ளக்கூடும்.

கடந்த கால அனுபவம்

நான்காம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1969-74) சிறு விவசாயிகள் வளர்ச்சி முகமைகள் தோன்றின. 1978-79இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம், 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மானியமும் வங்கிக் கடனும் சேர்த்து ஏழைக் குடும்பத்துக்கு ஓர் உற்பத்திச் சொத்தை அளிப்பது அதன் நோக்கம். அவ்வாறு வழங்கப்பட்ட சொத்துக்களில் கறவை மாடு முக்கிய இடம் பெற்றது. தீவனமும் சந்தையும் இல்லாத இடங்களில் இத்தகைய சொத்துக்களை வழங்குவதால் வறுமை நீங்குமா என்று பொருளியல் அறிஞர் நீலகண்ட ரத் 1985இல் எழுப்பிய கேள்வி பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. அத்திட்டம் 1999 ஏப்ரலில் வேறு திட்டத்துடன் இணைக்கப்பட்டது. கேள்வி மட்டும் இன்றும் பொருந்துகிறது. ஏனெனில், உழவர் கடன் அட்டை வசதி 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் கிடைக்கிறது.

1970 முதல் 1996 வரை நடைபெற்ற வெண்மைப் புரட்சித் திட்டம் இதற்கு மாறான வரிசையைக் கொண்டிருந்தது. அங்கே பால் சேகரிப்பு நிலையமும் கொழுப்புச் சத்தை அளந்து விலை தரும் முறையும் முதலில் வந்தன. ஒரு லிட்டர் பாலுக்கும் நிச்சயமான வாங்குபவர் உண்டு என்று தெரிந்த பின், மாட்டை வாங்கலாமா என்று குடும்பமே முடிவு செய்தது.

தீவனக் கணக்கு

கலப்பினப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ உலர் தீவனமும் தேவை. எட்டு லிட்டர் கறக்கும் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோவும், இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதமும் கணக்கிட்டால், ஏறத்தாழ நாலே முக்கால் கிலோ அடர் தீவனம் வேண்டும்.

பசுந்தீவனத்தை மட்டும் நோக்குவோம். ஆண்டுக்கு 9 டன்னுக்கு மேல் ஆகிறது. இறைவை நிலத்தில், நல்ல பராமரிப்பில், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் எக்டேருக்கு ஆண்டில் 300 டன் வரை விளையும். விவசாயி அதில் பாதியே எடுப்பார் என்று கொண்டாலும், ஒரு பசுவுக்குப் பதினைந்து சென்ட் போதும். மானாவாரி நிலத்திலோ நிலைமை வேறு. தீவனச் சோளம் எக்டேருக்கு 20 டன் தருவதாக வைத்துக்கொண்டால், அதே பசுவுக்கு ஓர் ஏக்கருக்கு மேல் ஒதுக்க வேண்டும். இரண்டரை ஏக்கர் மானாவாரிக் குடும்பத்துக்கு இரண்டு பசுக்களை அளித்தால், அவை உணவுப் பயிரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இல்லையேல், தீவனம் விலைக்கு வாங்கப்படும். ஆகவே கிணறு உள்ள விவசாயிக்கும் இல்லாதவருக்கும் ஒரே திட்ட மதிப்பீட்டைத் தயாரிப்பது பொருளியலுக்கு ஒவ்வாதது.

காலக் கணக்கு

கடன் தவணை மாதந்தோறும் வரும். பால் அவ்வாறு வருவதில்லை. ஒரு பசு 16 மாதங்களுக்கு ஒருமுறை கன்று ஈன்று, 10 மாதங்கள் கறந்தால், 6 மாதங்கள் அது உண்ணும், வருவாய் தராது. எருமைக்கு இந்த இடைவெளி இன்னும் நீளலாம். இரண்டு மாடுகளுக்குக் கடன் வழங்கும்போது இரண்டாவது மாட்டை ஐந்தாறு மாதங்கள் கழித்து வழங்கும் ஏற்பாடு இதற்காகவே உருவானது. ஆண்டு இறுதிக்குள் இலக்கை முடிக்கும் அவசரத்தில் இரண்டையும் ஒரே நாளில் வாங்கிக் கொடுத்தால், இரண்டும் ஒரே காலத்தில் வற்றும். தவணை தவறும், வற்றிய மாடு குறைந்த விலைக்குக் கைமாறும், கடன் மட்டும் வீட்டில் தங்கும்.

உழைப்புக் கணக்கு

குடும்ப உழைப்புக்குக் கூலி இல்லை என்று நம் மதிப்பீடுகளில் எழுதிவிடுகிறோம். பொருளியல் மாணவர்கள் இதனை ஏற்கலாகாது. இருபத்தைந்து கிலோ புல்லை அறுத்துச் சுமப்பதும், ஐம்பது லிட்டர் அளவுக்குத் தண்ணீர் கொணர்வதும், சாணம் அள்ளுவதும், இருவேளை கறப்பதும் பெரும்பாலும் பெண்களின் பணியே. அந்த நேரத்தில் அவர்கள் ஈட்டியிருக்கக்கூடிய கூலி மாட்டின் செலவில் சேர வேண்டும். அவ்வாறு சேர்த்த பின்னும் இலாபம் நின்றால் திட்டம் நல்லது. வீட்டிலுள்ள பெண் குழந்தையின் பள்ளி நேரத்தை எடுத்துக்கொண்டுதான் இலாபம் நிற்கும் எனில், அதை இலாபமென்று கூற இயலாது.

நோயும் காப்பும்

புதிய விலங்கு பழைய மந்தைக்கு நோயைக் கொணரக்கூடும். வந்த விலங்கைக் குறைந்தது மூன்று முதல் நான்கு வாரங்கள் தனியே கட்டி, மற்றவற்றுக்குத் தீவனமிட்ட பின்னரே அதனிடம் செல்ல வேண்டும். குடற்புழு நீக்கம், கோமாரி நோய்த் தடுப்பூசி, ஆடுகளாயின் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி ஆகியவை இக்காலத்திலேயே கவனிக்கப்பட வேண்டியவை. கோமாரி, கன்று வீச்சு ஆகிய இரு நோய்களையும் ஒடுக்கத் தேசிய அளவிலான திட்டம் 2019இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் நம் நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்ட தோல் கழலை நோய், 2022இல் இராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஏராளமான மாடுகளைப் பலிகொண்டது. ஒரே மாட்டை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது ஆண்டு வருவாய் முழுவதையும் இழப்பதாகும். காப்பீட்டை மானியம் பெறுவதற்கான சடங்காகக் கருதாமல், தொடர்ந்து புதுப்பிக்கச் செய்வது அலுவலரின் கடமை.

எந்தக் கால்நடை?

எல்லாக் குடும்பங்களுக்கும் பசுவே உகந்தது என்ற எண்ணம் கைவிடப்பட வேண்டும். பாசனமும் பால் சங்கமும் உள்ள ஊரில் பசுவோ எருமையோ பொருந்தும். மானாவாரிப் பகுதியில், வேலியோர மரத்தழையும் மேய்ச்சலும் கிடைக்குமாயின், வெள்ளாடு மேல். ஐந்து மாதங்களில் ஈனும். பணம் வேண்டிய வேளையில் ஒன்றை விற்கலாம். ஒன்று இறந்தாலும் முதல் முழுவதும் போய்விடாது. நிலமே இல்லாத குடும்பத்துக்குப் பத்துப் புறக்கடைக் கோழிகள் சிறிய தொடக்கமாகலாம். ஆனால் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி ஊருக்கு வருமா என்று முதலில் அறிய வேண்டும். சிறியதில் தொடங்கி, குட்டிகளையும் குஞ்சுகளையும் கொண்டே பெருக்கும் குடும்பம், அனுபவத்தையும் முதலையும் ஒருங்கே சேர்க்கிறது.

நிறைவாக, அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் ஐந்து விவரங்களைக் கேட்டு எழுதுங்கள்: தீவனம் எந்த நிலத்திலிருந்து வரும்? பால் வற்றிய மாதங்களில் தவணை எதிலிருந்து கட்டப்படும்? அன்றாட வேலையை யார் செய்வார்? விளைபொருளை யார் வாங்குவார்? கால்நடை மருந்தகம் எவ்வளவு தொலைவில் உள்ளது? இவற்றுள் தீவனத்தையும் அன்றாட வேலையையும் பற்றிய வினாக்களை வீட்டுப் பெண்மணியிடமே கேளுங்கள். அவர் ‘இப்போது வேண்டாம், ஓராண்டு போகட்டும், முதலில் புல் போடுகிறோம்’ என்றால், அந்த விண்ணப்பத்தை நிறுத்தி வையுங்கள். அவ்வாண்டு இலக்கில் ஒன்று குறையும். மறு ஆண்டில் அவ்வீட்டுக்கு வரும் மாடு அங்கேயே நிலைத்து நிற்கும்.