முட்டி போன மறுநாள்

வளரும் கூடைப்பந்துப் பிள்ளை தொழில்முறை ஆட்டக்காரராக மாறும் முன் எந்த வழியில் போக வேண்டும்? பள்ளி, கல்லூரி, அப்புறம் ரயில்வே, வங்கி போன்ற டிபார்ட்மென்ட் டீம் என்ற பழைய வழியா? பதினான்கு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, முழுநேர அகாடமியில் பந்தோடு மட்டும் வாழ்கிற புதிய வழியா? பழைய வழிதான் பிள்ளையை வளர்க்கிறது, வாழவும் வைக்கிறது என்பதே இந்தப் பட்டிமன்றத்தில் இந்த அணியின் கட்சி.

இந்தக் கேள்விக்கு வடசென்னையின் ராயபுரத்தை விடப் பொருத்தமான மேடை கிடையாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குக்கூட இரண்டு சொற்கள் தெரியும். ஒன்று 'பர்மனென்ட்', இன்னொன்று 'கான்ட்ராக்ட்'. ஒரே ஆலை, ஒரே வெயில், தலையில் ஒரே ஹெல்மெட். ஆனால் ஒருவருக்கு அடுத்த மாதமும் வேலை உண்டு. மற்றவருக்குக் கேட் பாஸைப் புதுப்பித்தால்தான் உண்டு. அகாடமி என்பது கான்ட்ராக்ட். உடம்பு ஒத்துழைக்கும் வரைதான் அந்தப் பாஸ் செல்லும். ஆகவே இந்த அணி கையில் எடுத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: முட்டி போன மறுநாள் அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருக்கும்?

முதல் சான்று இதே சென்னையில் இருக்கிறது. அனிதா பால்துரை. 1985இல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்றவர். ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடியவர். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் நாட்டின் சட்டையைப் போட்டவர். பிள்ளை பெற்ற பிறகும் கோர்ட்டுக்குத் திரும்பி வந்து ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். இத்தனைக்கும் அடியில் இருந்த தரை எது? தெற்கு ரயில்வே வேலை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது இதே ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து. அந்த ரயில்வேதான் ஒரு சென்னைப் பெண்ணுக்குச் சம்பளமும் கொடுத்து, பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வர ஓர் இடத்தையும் வைத்திருந்தது. பிள்ளைப்பேறு முடிந்து வரும் பெண்ணுக்காக இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்கும் அகாடமி எங்கேயாவது இருக்கிறதா? எதிரணி காட்டட்டும்.

அடுத்து சத்னம் சிங். இவரை எதிரணி தன் சாட்சியாக அழைக்கும் என்று தெரியும். பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்ற சின்னக் கிராமம். ஏழடி இரண்டங்குல உயரம். 2010இல், பதினான்கு வயதில், ஆங்கிலம் தெரியாத நிலையில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். 2015இல், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52ஆவது ஆளாக எடுத்தது. அப்படி எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். நாடே கொண்டாடிய நாள் அது. கொண்டாட வேண்டிய நாளும்தான். அந்தப் பையனின் உழைப்பில் குறை சொல்ல இந்த அணிக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

ஆனால் அந்தப் பாதை அவரை எங்கே கொண்டு போய் விட்டது? கல்லூரியில் ஒரு நாள்கூட ஆடாமல் நேரே டிராஃப்டுக்குப் போனார். டெக்சஸ் லெஜண்ட்ஸ் என்ற கீழ்நிலை அணியில் இரண்டு பருவம் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. பின்னர் மல்யுத்த மேடைக்குப் போனார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தேவைப்பட்டது ஆட்ட நேரம். வாரம் இரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு முப்பது நிமிடம், தப்பு செய்து திருத்திக்கொள்ள நான்கு வருடம். அதைக் கொடுக்கிற இடத்துக்குப் பெயர்தான் கல்லூரி.

சத்னம் அமெரிக்கா போன அதே 2010இல்தான் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் நிறுவனம் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனத்தோடு முப்பது ஆண்டு ஒப்பந்தம் போட்டது. தொழில்முறை லீக் வரும் வரும் என்று ஒரு தலைமுறையே காத்திருந்தது. அந்த லீக் வராமலேயே உறவு முடிந்துபோனது. இடையில் 2015இல் யு.பி.ஏ. என்ற தனியார் லீக் வந்தது. அதில் சென்னை ஸ்லாம் என்று நம் ஊருக்கும் ஒரு டீம் இருந்தது. 2017க்குப் பிறகு அதுவும் இல்லை. லீக்கை நம்பி வேலைக்குப் போகாமல் இருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஏணியின் முதல் படி மட்டும் பளபளவென்று இருந்தது. இரண்டாம் படியைக் காணவில்லை!

"அமெரிக்காவைப் பாருங்கள்" என்பார்கள். பார்ப்போம். 2020இல் என்.பி.ஏ. நிர்வாகமே 'ஜி லீக் இக்னைட்' என்று ஓர் அணியைத் தொடங்கியது. கல்லூரி வேண்டாம், வா, சம்பளம் தருகிறோம் என்றது. ஜேலன் கிரீன் வந்தார். 2021 டிராஃப்டில் இரண்டாம் ஆளாகப் போனார். நம் பஞ்சாபின் பிரின்ஸ்பால் சிங்கும் அந்த அணியில் இருந்தவர்தான். பணம் உண்டு, பயிற்சியாளர்கள் உண்டு, உலகின் மிகப் பெரிய லீக்கின் ஆதரவும் உண்டு. நான்கே பருவம்! 2024இல் மூடிவிட்டார்கள். காரணம், 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. படித்துக்கொண்டே பணமும் பார்க்கலாம் என்றதும் பிள்ளைகள் கல்லூரிப் பக்கமே திரும்பினார்கள். குறுக்கு வழியைப் போட்டவர்களே அதை அடைத்துவிட்டுப் போனார்கள் என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தாயின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கரீபியன் கடலில் செயின்ட் குரோய் என்று ஒரு தீவு. அங்கே டிம் டங்கன் என்ற பையன் நீச்சல் வீரனாக வளர்ந்துகொண்டிருந்தான். 1989இல் ஹியூகோ புயல் அந்தத் தீவின் நீச்சல் குளத்தை அழித்தது. அடுத்த ஆண்டு, அவனுடைய பதினான்காவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், தாய் புற்றுநோயில் இறந்தார். பிள்ளைகள் பட்டம் வாங்க வேண்டும் என்பது அவர் வாங்கிக்கொண்ட வாக்கு. குளம் போன பையன் கூடைப்பந்துக்கு வந்தான். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். இரண்டு வருடத்திலேயே கோடிக்கணக்கான பணம் வாசலில் வந்து நின்றது. அவன் போகவில்லை. நான்கு வருடமும் இருந்து, உளவியலில் பட்டம் வாங்கிவிட்டு, 1997இல் டிராஃப்டின் முதல் ஆளாகப் போனான். சான் அன்டோனியோ அணிக்காகப் பத்தொன்பது பருவம் ஆடி, ஐந்து கோப்பை வென்றான். கல்லூரியில் காத்திருந்த அந்த நான்கு வருடம் அவனுடைய ஆட்டத்தைத் தின்றுவிட்டதா?

புயலும் தெரிந்த, கொடுத்த வாக்கின் கனமும் தெரிந்த காசிமேட்டுத் தாய்மார்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மறுபுறம் புரூக்ளினின் லென்னி குக். 2001இல் அமெரிக்கப் பள்ளி ஆட்டக்காரர்களின் முன்வரிசையில் இருந்தவர். பின்னாளில் பெரிய நட்சத்திரமான லெப்ரான் ஜேம்ஸோடு ஒரே முகாமில் மோதியவர். கல்லூரியை ஒதுக்கிவிட்டு 2002 டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார். யாரும் எடுக்கவில்லை. அதற்குள் கல்லூரியில் ஆடும் தகுதியும் போயிற்று. 2004இல் கார் விபத்து, கால் சிதைந்தது. லெப்ரான் பள்ளியிலிருந்து நேராகப் போய் ஜெயித்தாரே என்று எதிரணி சொல்லும். ஒரு லெப்ரானைக் காட்டி ஊரிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் வழி சொல்லலாமா?

எதிரணியின் வலுவான வாதம் ஐரோப்பா. லூக்கா டான்சிச் பதிமூன்று வயதில் ரியல் மாட்ரிட் கிளப்பில் சேர்ந்தார், பதினாறில் பெரியவர்களோடு ஆடினார், 2018இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். உண்மை, மறுக்கவே முடியாது. ஆனால் அங்கே கிளப்பில் சிறுவர் அணி, இளைஞர் அணி, முதன்மை அணி என்று படிகள் வரிசையாக இருக்கின்றன. மேலே ஆடுவதற்கு நிலையான லீக் இருக்கிறது. நம் நாட்டில் அந்தப் படிகளின் வேலையைச் செய்து வந்திருப்பவை டிபார்ட்மென்ட் டீம்கள்தான். பதினெட்டு வயதுப் பையன் முப்பது வயதுக்காரரிடம் முழங்கை இடி வாங்கி, ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது அங்கேதான்.

"வேலை கிடைத்ததும் பசி போய்விடும், ஆட்டம் மந்தமாகிவிடும்" என்பது இன்னொரு குற்றச்சாட்டு. 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில், ஆசியக் கோப்பைப் போட்டியில், சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே 65-58 என்று வென்றது இந்தியா. அந்த அணியில் டிபார்ட்மென்ட் டீம்களில் ஆடியவர்கள் இருந்தார்கள். ஓ.என்.ஜி.சி.யின் விசேஷ் பிரிகுவன்ஷி 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் தர்ட்டி-சிக்ஸர்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார். 2020இல் அர்ஜுனா விருது பெற்றார். வேலையில் இருந்தபடியேதான் வெளிநாட்டுக் கதவைத் தட்டினார். அடுத்த வேளைச் சோற்றுக்குப் பயந்து ஆடுகிறவனைக் காட்டிலும், வீட்டில் அடுப்பு எரிகிறது என்று தெரிந்து ஆடுகிறவனால் துணிந்து ஆட முடியும்.

பழைய வழியில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டா இடங்கள் போதவில்லை. டிரயல்ஸ் எப்போது என்று தெரியாமல் வருடங்கள் ஓடுகின்றன. உயரமான பையன் என்றால் ரிங்குக்குக் கீழேயே நிறுத்திவிட்டு, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கற்றுத் தராத கோச்சுகளும் உண்டு. இவையெல்லாம் சரிசெய்ய வேண்டிய குறைகள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. அது காகிதத்தில் நிற்காமல், கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கும் வருடம் தவறாமல் வந்து சேர வேண்டும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை இந்த அணிக்குத் தாருங்கள். அதோடு ஒரு வேண்டுகோளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராயபுரத்தின் வாசலில் சென்னைத் துறைமுகம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் காமராசர் துறைமுகமும் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்.பும். இந்த ஊரின் காற்றையும் கடலையும் பயன்படுத்தும் ஒவ்வொரு நிறுவனமும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு கூடைப்பந்து அணி வைக்கட்டும். அதில் வருடத்துக்கு இரண்டு பேரையாவது பர்மனென்டாக எடுக்கட்டும்.