பல் செட் ஆடுதா? அது வெந்த விதத்தையும் கேளுங்க

உங்க வீட்டுப் பெரியவங்க பல் செட்டைக் கழற்றி டிஷ்யூவுல சுருட்டி வெச்சுட்டு, ரசம் சாதம் மட்டும் சாப்பிடுறாங்களா? எங்க அப்பத்தா அப்படித்தான் இருந்தாங்க. பேசும்போது செட் இறங்குதுன்னு சொல்வாங்க. வயசானா அப்படித்தான்னு நாங்களும் விட்டுட்டோம். ஈறு தேய்வது உண்மைதான். ஆனால் செட்டைச் செய்த முறையும் காரணமாக இருக்கலாம்.

செட்டில் ஈறு நிறத்தில் இருப்பது அக்ரிலிக் பிளாஸ்டிக். தூளையும் மோனோமர் என்ற திரவத்தையும் கலந்தால், பிசைந்த மாவு பதத்துக்கு வரும். வழக்கமான முறையில் அதை உலோக அச்சுப்பெட்டியில் வைத்து அழுத்தி, சுடுதண்ணீரில் வேக வைப்பார்கள். 74 டிகிரியில் சுமார் 8 மணி நேரம். அல்லது அதே சூட்டில் 2 மணி நேரம், அப்புறம் கொதிநீரில் 1 மணி நேரம். அவசரப்பட்டு எடுத்தவுடனே கொதிக்க விட்டால், மோனோமர் ஆவியாகித் தடிமனான இடங்களில் பொத்தல் விழும். கறையும் நாற்றமும் தங்குவது அங்கேதான். ஆறும் முன் பெட்டியைத் திறந்தாலோ செட் கோணிக்கொள்ளும்.

ஒழுங்காகச் செய்தாலும் அக்ரிலிக் இறுகும்போது சுருங்கும். மேல் செட்டில் அண்ணத்தின் பின்பக்கம் மெல்லிய இடைவெளி வரும். அதில் காற்று புகுந்தால் பிடிப்பு போச்சு. கடியும் கொஞ்சம் உயரலாம். அதை டாக்டர் ராவிச் சரிசெய்வார்.

இன்ஜெக்‌ஷன் முறையில் மாவைத் தொடர் அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்துகிறார்கள். சுருங்கச் சுருங்க புது மாவு போய் நிரப்பும். கடி உயர்வது குறையும். மைக்ரோவேவ் முறைக்குச் சில நிமிடங்களே போதும், உலோகப் பெட்டி மட்டும் ஆகாது. அதில் முக்கிய லாபம் நேரம்தான். கணினியில் வடிவமைத்து, ஏற்கெனவே இறுகிய அக்ரிலிக் வட்டிலிலிருந்து செதுக்கும் முறையும் வந்துவிட்டது. சுருங்க வேண்டியது முன்பே சுருங்கிவிட்டதால் பொருத்தம் நன்றாக இருக்கும். விலைதான் இடிக்கும்.

சூடே இல்லாமல் தானாக இறுகும் அக்ரிலிக்கில் முழு செட் செய்து தர்றோம்னு யாராவது சொன்னால் யோசியுங்க. அதில் மிச்ச மோனோமர் அதிகம், வலு குறைவு, சிலருக்கு வாய் எரியும். உடைந்த செட்டை ஒட்டவும் தற்காலிக செட்டுக்கும் அது சரி.

என்னைக் கேட்டால், அளவு சரியாக எடுத்து, நிதானமாக வேக வைத்த சாதாரண செட்டே பெரும்பாலோருக்குப் போதும். செட் கட்டுமுன் எந்த முறை, சூட்டில் வேக வைப்பதா, கடி சரிபார்க்க எத்தனை முறை வரணும்னு கேட்டுடுங்க. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம்.

அப்பத்தா கதையில் இன்னொண்ணும் இருந்துச்சு. சுத்தமாகட்டும்னு தினமும் கொதிக்கிற தண்ணியில செட்டைப் போட்டிருக்காங்க! அக்ரிலிக் அந்தச் சூட்டில் நெளிஞ்சுடும். இப்போ புது செட், ராத்திரி பச்சைத் தண்ணியில கிடக்கு. முறுக்கு மட்டும் இன்னும் பால்ல ஊறவெச்சுத்தான்.