கண் சாலையில், மனம் எங்கே?



வண்டி ஓட்டுவது இன்று நம்மில் பலருக்கு நடப்பதைப் போலப் பழகிப்போன செயலாகிவிட்டது. பழக்கம் கூடக் கூட அச்சம் குறைகிறது. அச்சம் குறையும்போது கவனமும் மெல்ல நழுவுகிறது. காலையில் வேலைக்கு வந்து வண்டியை நிறுத்தும் ஒருவரிடம், வழியில் எத்தனை சிவப்பு விளக்குகளில் நின்றீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலரால் சொல்ல முடியாது. கையும் காலும் வண்டியை ஓட்டின. மனம் வேறெங்கோ இருந்தது. இந்தக் கவனச் சிதறலைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 25 மீட்டர் ஓடுகிறது. கைத்தொலைபேசியில் வந்த செய்தியைப் படிக்க 5 வினாடி தலை குனிந்தால், அதற்குள் 125 மீட்டர் கடந்துவிடும். அது ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமான 110 கிலோமீட்டரில் சென்றால், அந்தத் தூரம் 150 மீட்டரையும் தாண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் ஓட்டச் சொன்னால் நம்மில் யாராவது இணங்குவோமா?

மலேசியச் சாலைகளில் 2019ஆம் ஆண்டில் மட்டும் 6,167 பேர் உயிரிழந்தனர். விபத்துகளுக்குக் காரணங்கள் பல. ஆனால், இந்நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது. காரில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்குத் தலைக்கவசம் ஒன்றே காப்பு. காரோட்டியின் ஒரு கணக் கவனக்குறைவுக்குப் பக்கத்துத் தடத்தில் செல்லும் தொழிலாளி உயிரைக் கொடுக்க நேர்கிறது. அவர் எந்தத் தவறும் செய்யாதவராக இருக்கலாம்.

கவனம் மூன்று வழிகளில் சிதறுகிறது. கண் சாலையை விட்டு அகல்வது ஒன்று. கை சுக்கானை விட்டு விலகுவது இரண்டு. மனம் ஓட்டும் வேலையை விட்டு வேறிடம் போவது மூன்று. டோல் சாவடியை நெருங்கும்போது டச் அண்ட் கோ அட்டையைத் தேடித் துழாவுவது, பையில் கட்டி வாங்கிய தே தாரிக்கை உறிஞ்சுவது, பின்னிருக்கையில் சண்டையிடும் பிள்ளைகளைத் திரும்பி அதட்டுவது எல்லாம் இவற்றுள் அடங்கும். எதிர்த்திசையில் விபத்து நடந்திருந்தால் நம் பக்கத்து வண்டிகளும் ஊர்ந்து செல்வதைக் கண்டிருப்போம். வேடிக்கை பார்ப்பவர் சிலர். நசுங்கிய காரின் எண்ணை நான்கு இலக்கக் குலுக்குக்காகக் குறித்துக்கொள்பவர் சிலர். பிறருடைய துன்பத்தில் அதிர்ஷ்டத்தைத் தேடும் அந்தக் கணத்தில், முன்னால் செல்லும் வண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும்?

இம்மூன்றிலும் மனம் விலகுவதே எளிதில் பிடிபடாதது. "நான் கையில் பிடித்துப் பேசுவதில்லையே, காதில் கருவி மாட்டியிருக்கிறேனே" என்று சிலர் வாதிடுவர். கனடாவின் தொரோண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தொலைபேசியில் பேசும் நேரத்தில் விபத்து ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு உயர்கிறது என்றும், கையில் பிடிக்காமல் பேசுவதால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை என்றும் அவர்கள் கண்டனர். காரணம் எளிது. பக்கத்தில் அமர்ந்து பேசுபவர் நம்மோடு சாலையையும் பார்க்கிறார். லாரி குறுக்கிட்டால் தாமே பேச்சை நிறுத்துவார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு அந்த லாரி தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது செய்தி படிப்பதில் தீங்கில்லை என்று எண்ணுவதும் தவறு. அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, காரிலுள்ள சில குரல்வழிக் கருவிகளைப் பயன்படுத்தி முடித்த பின்னும் 27 வினாடி வரை மனம் முழுமையாகச் சாலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. பச்சை விளக்கு எரிந்து வண்டி நகர்ந்த பிறகும், மனம் இன்னும் அந்தச் செய்தியிலேயே நின்றுகொண்டிருக்கும்.

சட்டமும் இதைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை. மலேசியாவில் கைத்தொலைபேசியைப் பிடித்துப் பேசியபடி ஓட்டுவது குற்றம். ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் செல்வோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அங்கே 2015 பிப்ரவரி முதல், பேசாவிட்டாலும் ஓடும் வண்டியில் கைத்தொலைபேசியைப் பிடித்துப் பயன்படுத்துவதே குற்றமாகும். அபராதத்தோடு சிறைத் தண்டனையும் உண்டு. ஆயினும் காவலர் இல்லாத சாலையில் நம்மைக் காப்பது நம் பழக்கமே.

அந்தப் பழக்கத்தை எப்படி வளர்ப்பது? புறப்படுமுன் இரண்டு நிமிடம் ஒதுக்குவோம். வழிகாட்டும் வரைபடம், கண்ணாடிகள், இருக்கை, டோல் அட்டை ஆகிய அனைத்தையும் வண்டி நிற்கும்போதே சரிசெய்துகொள்வோம். கைத்தொலைபேசியின் ஒலியை அடக்கிப் பின்னிருக்கையில் வைத்துவிடுவோம். கைக்கு எட்டாத பொருள் மனத்தையும் இழுக்காது. உடன் வருபவர் இருந்தால், அழைப்புகளை ஏற்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைப்போம். அவசியம் பேச வேண்டுமானால் ஓய்வு நிலையத்தில் நிறுத்திப் பேசுவோம். நெடுஞ்சாலையின் அவசரத் தடம் அதற்குரிய இடமன்று. அங்கே நிற்கும் வண்டியைப் பின்னால் வருபவர் மோதிவிடலாம். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுசெல்லும் இளைஞர்களும், வரைபடத்தைப் பார்க்க வேண்டியபோது பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும். சோறு சற்றுத் தாமதமாக வந்தால் நாம் அவர்களைக் கடிந்துகொள்ளக் கூடாது.

இன்னொரு கடமையும் உண்டு. அது வீட்டில் இருப்போருக்கு உரியது. தீபாவளிக்கு ஊர் திரும்பும் மகனை, "எங்கே வந்துவிட்டாய்?" என்று அரை மணிக்கொரு முறை அழைப்பது அன்பினால்தான். ஆனால், அந்த அன்பே அவன் கண்ணைச் சாலையிலிருந்து பிடுங்குகிறது. இனி நாம் அழைக்கும்போது முதல் கேள்வி, "வண்டி ஓட்டுகிறாயா?" என்பதாக இருக்கட்டும். ஆம் என்றால், "நிறுத்தியபின் பேசு" என்று சொல்லி உடனே வைத்துவிடுவோம். பதில் வரவில்லையே என்று பதறாமல், நல்லபடியாக ஓட்டுகிறான் என்று மனம் தேறுவோம்.

கரணம் தப்பினால் மரணம் என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வுரையை வண்டி ஓட்டியவாறே கேட்கும் நேயர்களும் இருப்பீர்கள். மழை வலுத்தாலோ, வழி நெரிசலானாலோ எங்கள் குரலையும் தயங்காமல் அடக்கிவிடுங்கள். நீங்கள் வீடு சேர்வதைவிட இந்தப் பேச்சு முக்கியமானதன்று.