சங்கரன்கோவில் மேல ஸ்னோ விழுது

போன சித்திரையில ஊர்ல இருந்தேன், சங்கரன்கோவில்ல. சாயங்காலம் மேற்க மலைப்பக்கம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஆச்சி ஆடு ரெண்டையும் அவுக்க வேப்பமரத்தடிக்குப் போயிட்டாங்க. தூரத்துல ஒரு இடி. "ஆச்சி, உள்ள வாங்க!"ன்னு கத்துறேன். "ஏல, இன்னும் ஒரு தூத்தல்கூட விழலியே"ங்கிறாங்க.

நான் பயந்தது மழைக்கு இல்ல, மேல இருக்கிற ஸ்னோவுக்கு.

சிரிக்காதீங்க. நம்ம ஊர்லயும் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் மேல போனா வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழ போயிடும். இடிமேகம் 12, 15 கிலோமீட்டர் வரைக்கும் வளரும். ஆனா பூஜ்ஜியத்தைத் தாண்டினதும் மேகத்துளி உறைஞ்சிடாது. உறையறதுக்குத் தோதான ஒரு தூசி வேணும். அது கிடைக்கலைன்னா மைனஸ் 30லகூட தண்ணியாவே மிதக்கும்.

ஒரு துளி உறைஞ்சா ஆட்டமே மாறிடுது. ஐஸ் தன் மூலக்கூறுகளைத் தண்ணியைவிட இறுக்கமா பிடிச்சுக்கும். அதனால சுத்தி இருக்கிற துளிகள் ஆவியாகி வத்த, அந்த ஆவி வந்து ஐஸ் மேல படியும். தண்ணி மூலக்கூறு அடுக்குற விதத்தால ஆறு பக்கம். மைனஸ் 15 பக்கத்துல கிளை விட்ட நட்சத்திரம், மைனஸ் 5 பக்கத்துல ஊசி. ஜப்பான்ல உகிசிரோ நகாயா 1936ல முதல்முறையா லேப்ல ஸ்னோ செஞ்சார், முயல் முடி மேல வளர்த்து! அவர்தான் எந்த வெப்பநிலைக்கு எந்த வடிவம்னு வரிசைப்படுத்தினார்.

நம்ம மேகத்துல அந்த அழகெல்லாம் ரொம்ப நேரம் நிக்காது. விழும்போது உறையாத துளிகள் ஒட்டி ஒட்டி, மெத்துனு ஒரு உருண்டை ஆயிடும். கீழ இறங்கினா உருகி மழை. ரொம்பப் பெருசா வளர்ந்தது உருகாம வந்தா ஆலங்கட்டி. (எல்லா மழையும் இப்படி இல்ல, குட்டையான மேகம் ஐஸே இல்லாமலும் பெய்யும்.)

ஆனா விழுற உருண்டையும் மேல ஏறுற குட்டி ஐஸும் உரசுது பாருங்க, அங்கதான் மின்னல் பிறக்குது. பெரும்பாலும் உருண்டைக்கு நெகட்டிவ், குட்டிக்கு பாசிட்டிவ். அந்த மின்னல் மழை விழுற இடத்துலதான் இறங்கணும்னு இல்ல, 10 கிலோமீட்டர் தள்ளியும் இறங்கும். இடி காதுல விழுந்தாலே நாம எட்டுற தூரத்துலதான் இருக்கோம். அப்போ மரத்தடியில நிக்கவே கூடாது.

ஆச்சி ஆட்டை இழுத்துக்கிட்டு உள்ள வந்து சேர்ந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். "மேல பனி விழுதுன்னா இங்க ஏம்ல இப்படி அவியுது?"ன்னு கேட்டாங்க.

பதில் சொல்றதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு.