கணப்பு மூட்டும் நாள்



மார்கழி மாதத்து விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "இன்னும் ஐந்து நிமிஷம் அம்மா" என்று கெஞ்சாத மாணவர் நம்மில் அரியர். அந்தக் குளிர் நமக்குப் பெரிதுதான். ஆயினும் வெயில் ஏறியதும் அது விடைபெற்றுக்கொள்கிறது. வருஷத்தில் ஐந்தாறு மாதம் வீட்டிற்குள் நெருப்பின் துணையின்றி வாழ இயலாத நாடுகளும் உலகில் உண்டு. அங்கே இலையுதிர் காலம் பிறந்ததும் வீடுதோறும் ஒரு கேள்வி எழுகிறது: "கணப்பை என்றைக்கு மூட்டுவது?"

இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். குளிர்ந்தால் மூட்டுவது, குளிராவிட்டால் விடுவது, அவ்வளவுதானே! ஆனால் இந்தச் சிறு கேள்விக்குள் பௌதிகம் இருக்கிறது, வீட்டுக் கணக்கு இருக்கிறது, அரசியல் இருக்கிறது, சில சமயங்களில் ஓர் உயிரும் இருக்கிறது. ஆகவே அதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

கணப்பு என்பது தமிழுக்குப் புதிய சொல்லன்று. 'குளிர் காய்தல்' என்ற அழகிய தொடரும் நம்மிடம் வழங்குகிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை, வாடைக் காற்று வீசும் நாளில் மக்கள் சாளரங்களை அடைத்துவிட்டு, அகன்ற வாயையுடைய நெருப்புச் சட்டியின் அருகே குளிர் காய்வதைக் காட்டுகிறது. அச்சட்டிக்குத் 'தடவு' என்று பெயர். உதகையிலும் கோடைக்கானலிலும் வாழ்பவர்களுக்கு இன்றும் இது அன்றாட அனுபவமே.

முதலில் பௌதிகத்தைப் பார்ப்போம். ஒரு வீடு தன் வெப்பத்தை எவ்வாறு இழக்கிறது? வீட்டின் உள்ளே இருக்கும் உஷ்ணத்திற்கும் வெளியே இருக்கும் உஷ்ணத்திற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, ஏறக்குறைய அதற்கு ஏற்ற விகிதத்தில் வெப்பம் வெளியேறுகிறது. சூடான பால் ஆறுவதைப் பற்றி நியூட்டன் சொன்ன விதியை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். வீடும் ஒரு பெரிய பால் பாத்திரம் என்று கொள்ளுங்கள். வெளியே 5 டிகிரி சென்டிகிரேடு, உள்ளே 20 டிகிரி என்றால் வேறுபாடு 15. உள்ளே 18 டிகிரி போதும் என்று நிறுத்தினால் வேறுபாடு 13. இரண்டே டிகிரியைக் குறைத்ததில் வெப்ப இழப்பு நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு குறைந்துவிடுகிறது. சிக்கனத்தின் இரகசியம் இந்தக் கழித்தல் கணக்கில்தான் இருக்கிறது.

அப்படியானால், வெளியே 18 டிகிரிக்குக் கீழே இறங்கியவுடனேயே கணப்பு மூட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. வீட்டிற்குள் வேறு பல கணப்புகள் நம்மை அறியாமலே எரிந்துகொண்டிருக்கின்றன. சமையல் அடுப்பு ஒன்று. விளக்குகளும் இயந்திரங்களும் வேறு. சாளரத்தின் வழியே வரும் சூரியன் மற்றொன்று. இவை யாவற்றினும் வியப்பானது மனித உடல். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடல் சுமார் 100 வாட் அளவுள்ள வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய காலத்து மின்சார விளக்கு ஒன்று எரிவதற்குச் சமம் அது! இவற்றையெல்லாம் எண்ணித்தான், வெளியே சராசரி உஷ்ணம் 15.5 டிகிரிக்குக் கீழே வரும்போதே பொதுவாகக் கணப்புத் தேவைப்படும் என்று பிரிட்டனில் கணக்கிடுகிறார்கள். ஒரு நாளின் சராசரி 10.5 டிகிரி என்றால், அந்த நாளுக்கு 5 'டிகிரி நாள்' என்று குறிக்கிறார்கள். சராசரி 5.5 டிகிரி என்றால் 10 'டிகிரி நாள்'. பின்னதற்கு முன்னதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு எரிபொருள் வேண்டும். குளிரையும் இவ்வாறு நாள்வாரியாகக் கூட்டிக் கணக்கு எழுதலாம் என்பது எவ்வளவு நயமான யோசனை!

இனி, பல நாட்டு மக்கள் இந்த நாளை எவ்வாறு குறிக்கிறார்கள் என்று காண்போம்.

சிலர் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள். ஜப்பானியர் வீடுகளில் 'கொதாட்சு' என்ற ஒரு சாதனம் உண்டு. தாழ்வான மேஜையின் கீழே வெப்பம் தரும் கருவி. மேஜையின் மேலே போர்த்திய கனத்த மெத்தைத் துணி. அதற்குள் கால்களை நீட்டிக் குடும்பமே சுற்றி அமரும். பழைய சந்திர மாதக் கணக்கில் பத்தாம் மாதத்தில் வரும் காட்டுப்பன்றி நாளில் அதனைத் தொடங்குவது அவர்கள் மரபு. ஐம்பூதக் கணக்கில் பன்றி நீரைச் சேர்ந்தது. ஆகவே அந்நாளில் மூட்டிய நெருப்பினால் வீட்டிற்குத் தீ விபத்து வராது என்பது நம்பிக்கை. மரமும் காகிதமும் கொண்டு கட்டிய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கவலை நியாயமானதே அல்லவா?

சிலர் உஷ்ணமானியைப் பார்க்கிறார்கள். ருஷ்ய நாட்டு நகரங்களில் ஒரு பேட்டை முழுவதற்கும் ஒரே கொதிகலத்திலிருந்து வெந்நீர் குழாய்களின் வழியே வருகிறது. தொடர்ந்து ஐந்து நாட்கள் வெளியுஷ்ணத்தின் சராசரி 8 டிகிரிக்குக் கீழே இருந்தால் கணப்புப் பருவம் தொடங்கியாக வேண்டும் என்பது அங்கே விதி. ஒரு நாள் குளிரைக் கண்டு மயங்காமல் ஐந்து நாள் பொறுத்துப் பார்க்கும் விவேகம் இதில் இருக்கிறது. எனினும் ஆறாவது நாள் வரையில் நடுங்க வேண்டியதும் இருக்கிறது!

சீனத்தில் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். சின்லிங் மலையும் ஹுவாய் ஆறும் ஒரு கோடாக அமைய, அதற்கு வடக்கே உள்ள நகரங்களுக்கு அரசு கணப்பு வசதி அளிப்பது என்றும், தெற்கே இல்லை என்றும் 1950களில் ஏற்பட்ட ஏற்பாடு அது. பீகிங் நகரில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை கணப்புக் காலம். கோட்டிற்குத் தெற்கே இருப்பதனாலேயே குளிர் குறைந்துவிடுமா? ஷாங்காய் நகரத்தார் உறைநிலையை ஒட்டிய குளிரிலும் தங்கள் சொந்த ஏற்பாட்டையே நம்பியிருக்கிறார்கள். வடக்கத்தியர் பெற்ற வரத்திலும் ஒரு குறை இருந்தது. நிலக்கரியை எரித்த புகை காற்றைக் கெடுத்தது. அந்தக் காற்றினால் ஆற்றின் வடகரைப் பகுதியினரின் ஆயுள் சுமார் மூன்று ஆண்டு குறைந்தது என்று 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. வீட்டுக்குள் வெப்பம், வெளியே நஞ்சு! கணப்பை எப்போது மூட்டுவது என்பதோடு எதைக் கொண்டு மூட்டுவது என்பதையும் கேட்க வேண்டும் என்று இது கற்பிக்கிறது.

இத்தாலியில் நாட்டையே ஆறு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டவிதியின்படி மிலான் நகரில் அக்டோபர் 15 முதலும் ரோமில் நவம்பர் 1 முதலும் கணப்பை மூட்டலாம். அதற்கு முன் மூட்டலாகாது. ஒரு நாளில் இத்தனை மணி நேரந்தான் என்றும் வரம்பு உண்டு. 2022ஆம் ஆண்டில் உக்ரேன் யுத்தத்தினால் எரிவாயு வரத்து நெருக்கடிக்கு உள்ளானபோது, அந்தப் பருவத்தை மேலும் பதினைந்து நாள் சுருக்கி, வீட்டு உஷ்ணத்தையும் ஒரு டிகிரி குறைத்தார்கள். எங்கோ நடக்கும் போர் ஒரு ரோமானியக் குடும்பத்தின் படுக்கையறைக்குள் வந்துவிடுவதைப் பாருங்கள்.

நியூயார்க்கில் சட்டத்தின் நோக்கம் வேறு. அங்கே பலர் வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். கொதிகலமோ வீட்டுக்காரர் கையில். அவர் மிச்சம் பிடிக்கக் குடியிருப்பவர் நடுங்குவதா? ஆகையால் அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே 68 டிகிரியாவது இருக்க வேண்டும். இரவில் எப்படியும் 62 டிகிரிக்குக் குறையலாகாது. இத்தாலியச் சட்டம் 'இதற்கு மேல் கூடாது' என்கிறது. நியூயார்க் சட்டம் 'இதற்குக் கீழ் கூடாது' என்கிறது. முன்னது ஊதாரித்தனத்திற்குக் கடிவாளம். பின்னது எளியவருக்குக் கவசம்.

ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் எனக்குப் பெருமை தரும் ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் இருக்க இயலவில்லை. அறையின் உஷ்ணத்தைத் தானே கவனித்துச் சொல்லும் மின்சாரக் கருவியை 1883ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்று வழங்கியவர், அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் என்னும் ஊரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய வாரன் ஜான்சன் என்பவர். கட்டடக் காவலாளி அடிக்கடி வகுப்புக்குள் நுழைந்து உஷ்ணமானியைப் பார்த்துவிட்டுப் போவார், பாடம் கெடும். வகுப்பில் குளிர் மிகுந்தால் கீழ்த்தளத்தில் மணி ஒலிக்கும்படி ஜான்சன் ஓர் ஏற்பாடு செய்தார். காவலாளிக்கு நடை மிச்சம். மாணவருக்குப் பாடம் மிச்சம். இன்று உலகெங்கும் சுவர்களில் காணும் கருவிகளின் முன்னோடிகளில் ஒன்று, பாடம் தடைப்படலாகாது என்று விரும்பிய ஓர் ஆசிரியரின் கவலையில் பிறந்தது.

ஆனால் எந்தக் கருவியும் எந்தச் சட்டமும் ஒரு காரியத்தைச் செய்ய இயலாது. அதனை இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் என் மகள் வீட்டில் சில மாதம் தங்கியிருந்தபோது கண்டேன். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைக்கும் வரையில் கணப்பு மூட்டுவதில்லை என்று அந்நாட்டார் பலர் ஒரு விரதம் போல வைத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்தார். அவருடைய விரதம் இன்னும் கடுமையானது; நவம்பர் முதல் தேதிதான். அக்டோபர் நடுவிலேயே அவர் வீட்டினுள்ளும் வெளிக்கோட்டை அணிந்து, ஒரே அறையில் முடங்கியிருந்தார். என் மகள் கொண்டுபோய் மாட்டிய உஷ்ணமானி 13 டிகிரி காட்டியது.

"அறுபது வருஷமாக இந்த வீட்டில் நவம்பர் முதல் தேதிதான். அப்போதெல்லாம் குளிரவில்லையே! எனக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்றார் அவர்.

என் மகள் என்னைப் பார்த்து, "அப்பா, நீங்கள் அந்த வாட் கணக்கைச் சொல்லுங்கள்" என்றாள்.

நான் கேட்டேன்: "அம்மா, அந்த நாட்களில் இந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள்?" கணவர், நான்கு குழந்தைகள், தாம் என்று அவர் விரல் விட்டு எண்ணினார். ஆறு பேர். அறுநூறு வாட். நாள் முழுவதும் எரிந்த அடுப்பு வேறு. அந்த வீடு நவம்பர் வரையில் தாங்கியதில் வியப்பென்ன? ஆறு கணப்புகளில் ஐந்து போய்விட்டன. தேதி மட்டும் மாறாமல் நின்றது. இதை நான் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். மூதாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இது என் பலவீனம் அல்ல, கணக்கு" என்றார். அன்று மாலையே அந்த அறையில் கணப்பு எரிந்தது.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. முதியோருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் கூடுகிறது. சுவர்கள் குளிர்ந்து ஈரம் படிந்தால் கருநிறப் பூஞ்சை பிடித்துக் குழந்தைகளின் மூச்சைக் கெடுக்கிறது. ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில், குளிர் நாடுகளில் வீட்டினுள் 18 டிகிரியாவது இருத்தல் நலம் என்றும், முதியோருக்கும் நோயாளருக்கும் அதனினும் மிகுதி தேவைப்படலாம் என்றும் அறிவுறுத்தியது. சிக்கனம் நற்பண்புதான், உடலை விற்றுப் பணத்தைக் காப்பது சிக்கனம் ஆகாது.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்? ஆள் இல்லாத அறையில் பிடிக்கலாம். கதவிடுக்கில் நுழையும் காற்றைத் தடுக்கலாம். கம்பளி ஆடையை அணிந்துகொள்ளலாம். உறங்கும் நேரத்தில் உஷ்ணத்தைச் சற்றுக் குறைக்கலாம். கருவியை 25 டிகிரிக்குத் திருப்பினால் அறை விரைவாகச் சூடேறும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கொதிகலம் அதே வேகத்தில்தான் உழைக்கும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காது, அவ்வளவே.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். கணப்பை மூட்டுமுன் புகைபோக்கி அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது எங்கும் முதற்கடமை. நம் மலையூர்களில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை அடைத்து உறங்கியவர்கள் விடியலில் எழாமலே போன துயரங்கள் நடந்திருக்கின்றன. கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் கரி நெருப்பை ஒருபோதும் வைக்காதீர்கள். மலைக்குச் சுற்றுலா செல்லும்போது இதனை மறவாதீர்கள்.

மாணவ நண்பர்களே! தேதி ஒரு வழிகாட்டி. உஷ்ணமானி அதனினும் நல்ல வழிகாட்டி. ஆனால் கணப்பு மூட்டும் நாளை முடிவு செய்யும்போது அந்த வீட்டில் மிகவும் நலிந்தவர் யாரோ, அவருடைய விரல் நுனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளைஞனின் உடம்புக்கு இதமான குளிர் பாட்டியின் உடம்புக்குப் பகை. இது கணப்புக்கு மட்டும் உரிய நீதியன்று. நம் நாட்டுக் கோடையில் மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்பதிலும் இதே நீதிதான். உங்கள் பாட்டனாரிடமே இன்று கேட்டுப் பாருங்கள். கேட்காமல் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.