தொழிற்சாலைக் கல்வியும் கைப்பேசியும்

(பிள்ளைப்பாக்கத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



யான் பண்டிதனல்லன், முப்பது வருஷகாலம் கடைசல் யந்திரத்தின் முன் நின்று உழைத்தவன். வேலை செய்யும் இடத்திலேயே தொழிலைக் கற்பது எங்ஙனம், அதற்குக் கைப்பேசி துணையாகுமா என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட விஷயம்.

ஏரியும் வயலுமாயிருந்த நம் பிரதேசம் மாறியதை நீங்கள் அறிவீர்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பெற்றது. நம் பிள்ளைப்பாக்கத்திலும் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துவிட்டது. ஆயினும் மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆலை வரும், ஆலை போகும். கைவிட்டுப் போகாதது கற்ற தொழில் ஒன்றே.

அத்தொழிலை நாம் கற்பிக்கிறோமா? என் குற்றம் ஒன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ளுகிறேன். யான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் திங்கட்கிழமை காலையில் கடையும் முதற் சில உருப்படிகள் அளவு பிசகிவிடும். விடுமுறையில் யந்திரத்தின் சுழல்தண்டு குளிர்ந்திருக்கும். ஓடிச் சூடேறியபின் அது சற்றே நீளும். ஆதலின் இருபது நிமிஷம் யந்திரத்தை வெறுமனே ஓடவிட்டுப் பின்னரே வேலை தொடங்கவேண்டும். இது எனக்குத் தெரியும். புதிதாய் வந்த ஒப்பந்தத் தொழிலாளியான பையனுக்குத் தெரியாது. சொல்லிவிட்டால் என் மதிப்புக் குறையுமென்று வாளாவிருந்தேன். உருப்படிகள் பாழாயின, பழி அவன்மேல் விழுந்தது, அவனை வேலையினின்றும் நிறுத்திவிட்டார்கள். அவன் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

சில வருஷங்களுக்குப்பின் வேறொரு வாலிபன் அதே சந்தேகத்தைக் கேட்டான். அவன் கைப்பேசியில் இரண்டு நிமிஷம் பேசினேன். அதை அவன் தன் ஷிப்டுத் தோழர்களின் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பினான். அப்பட்டறையில் அப்பிழை அன்றோடு ஒழிந்தது. என் மதிப்போ குறையவில்லை. வழியில் காண்போரெல்லாம் யந்திரத்தைப் பற்றி என்னிடம் கேட்கலாயினர்.

இஃது உலகம் முன்னரே கண்ட வழி. 1962-ல் ஜப்பானில் இஷிகாவா முதலிய அறிஞர்கள் தொழிற்சாலை மேஸ்திரிகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினர். அதைக் கூடி வாசித்துத் தத்தம் வேலையின் குறைகளை ஆராயச் சிறு குழுக்கள் தோன்றின. அவையே தர வட்டங்கள் எனப் பெயர் பெற்றன. தொழிலாளர் யாவரும் பங்குபற்றும் முறையைக் கைக்கொண்ட நம் சென்னைப் பாடி சுந்தரம் கிளேட்டன் ஆலையின் பிரேக் பிரிவு, 1998-ல் ஜப்பானியரின் டெமிங் பரிசைப் பெற்றது. ஜெராக்ஸ் கம்பெனியில் யந்திரம் பழுதுபார்ப்போர், 1990-களில் யுரேகா என்னும் ஏற்பாட்டின் மூலம், தாம் கண்ட பழுதையும் அதன் பரிகாரத்தையும் எழுதிவைத்தனர். சகதொழிலாளர் பரிசோதித்துச் சரியெனக் கண்டவற்றை, எழுதினவர் பெயருடனேயே எல்லோரும் அறியச் செய்தனர். பரிசோதனையால் குறிப்பில் நம்பிக்கை பிறந்தது. பெயரால் எழுதினவருக்குக் கௌரவம் கிடைத்தது.

அன்று பத்திரிகை செய்த காரியத்தை இன்று நம் வாலிபர் சட்டைப்பையிலுள்ள கருவி செய்யும். ஆனால் நாம் அதை எதற்கு உபயோகிக்கிறோம்? காலை வணக்கப் படங்களும் சினிமாத் துணுக்குகளும் அனுப்பவே பொழுது கழிகிறது. ஆதலின் சில யோசனைகள் கூறுகிறேன்.

அனுபவமுள்ள ஒவ்வொருவரும் வாரம் ஒரு தொழிற்குறிப்பை எழுதியேனும் பேசியேனும் அனுப்புக. அத்தொழிலறிந்த இருவர் அதைப் பார்த்துச் சரியென்றபின்னரே பரப்புக. மின்சாரம், அழுத்த யந்திரம் பற்றிய தவறான குறிப்பு விரலையும் உயிரையும் வாங்கிவிடும். ஆலையின் வரைபடங்களையும் உட்புறப் படங்களையும் வெளியிடாதீர்கள். அது விசுவாசத் துரோகம், வேலைக்கும் கேடு. யந்திரம் ஓடும்போது கைப்பேசியைத் தொடவே வேண்டாம். தெரியாததைக் கேட்பவனை நகையாதீர்கள். கேள்வி அடங்கினால் கல்வியும் அடங்கும். மின்னணு ஆலைகளில் உழைக்கும் நம் பெண்மக்களையும் இதில் சமமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்; அவர்கள் கற்றதும் எழுதத்தக்கதே.

கடைசியாக ஒரு வார்த்தை. இக்குறிப்புகள் நம்மவர்க்கு மட்டுமே என்று வேலி கட்டவேண்டாம். யந்திரத்தின் அருகே நிற்பவன் எக்குலத்தவனாயினும், அவன் கை பிசகினால் பக்கத்தில் நிற்கும் நம் பிள்ளைக்கும் ஆபத்துண்டு. கிணற்று நீர் இறைக்க ஊறும், தொழிலறிவும் அத்தன்மையதே.

யான் அடக்கிவைத்த ஒரு வார்த்தையால் ஒரு பிள்ளை வேலையிழந்தான். அவனுக்கு யான் செய்யும் பிராயச்சித்தம் இவ்வுபந்நியாசமே. நீங்கள் ஒவ்வொருவரும் இன்றிரவே ஒரு குறிப்பை எழுதினால் அது பூர்த்தியாகும்.